அண்ணனைப் போல உட்கார்

கெசியாவின் கன்னத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அது மெல்ல நடந்து உதட்டோரத்துக்கு வந்து, அங்கே ஒட்டியிருந்த சர்க்கரைப் பிசுக்கை மோந்து பார்த்து, மேலுதட்டைக் கடந்து மூக்கின் அடிவரைக்கும் போய் நின்றது. பிள்ளை அசையவில்லை. இமைகூட அடிக்கவில்லை.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தாமசின், கத்தியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலு வயதுப் பிள்ளை, ஓர் இடத்தில் நின்று ஒரு வாய் தின்னாத பிள்ளை, இப்போது முக்காலியில் முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எதிரே அடுப்பு மாடத்தின் மேல் சாய்த்து வைத்திருந்த அண்ணன் படத்தைப் பார்த்தபடி இருந்தாள். காலடியில் டர்க், கறுப்பும் வெள்ளையுமான கிழட்டு நாய், தாடையை அவள் முழங்காலில் வைத்திருந்தது. அதன் வாலும் அசையவில்லை.

"போதும் கண்ணு, எந்திரி" என்றாள் தாமசின்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, தண்ணீருக்கடியில் கிடந்தவள் மேலே வருவதுபோல, பிள்ளை ஒரு மூச்சை இழுத்தாள். ஈ பறந்தது.

"நான் நல்லா உக்காந்தேனாம்மா?"

"தங்கமா உக்காந்த."

"அண்ணன் மாதிரியா?"

"அண்ணன் மாதிரியேதான்."

சொல்லிக்கொண்டே பிள்ளையின் விரல்களைப் பிடித்தாள். அடுப்புக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் அவை சில்லென்று இருந்தன.

இந்தப் பாடெல்லாம் ஜாகோவுக்காக. ஜாகோ அவள் புருஷன். பென்வார் மலையடியில் வெள்ளீயம் வெட்டுகிறவன். சுரங்கத்தில் தாது வற்றிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரை முழுக்க அப்படித்தான், கையில் சம்மட்டி பிடிக்கத் தெரிந்த ஆம்பிளைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊர்த் திருவிழா முடிந்ததும் ஜாகோவும் தென் ஆஸ்திரேலியாவுக்குச் செம்பு வெட்டப் போகிறான். எப்போது திரும்புவான் என்று கப்பல்காரனும் சொல்லவில்லை, கர்த்தரும் சொல்லவில்லை. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கெசியாவின் முகம். கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ள ஒரு படம்.

போன மாதம் டவுன் சந்தையில் ஒரு முறை எடுத்துப் பார்த்தார்கள். படக்காரர் எண்டீன் ஒரு வண்டிக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, அதிலேயே ஊர் ஊராகப் போய்ப் படம் பிடிப்பவர். மருந்து பட்டுப் பட்டு விரல்களெல்லாம் கறுத்துப்போன வாயாடி மனிதர். படப்பெட்டியின் கண்ணை மூடியிருக்கும் மூடியை எடுத்துவிட்டு அவர் வாய்விட்டு எண்ணுவார், அவர் எண்ணி முடிக்கிறவரைக்கும் மனுஷன் கல்லாய் இருக்கவேண்டும். அசைந்தது எதுவும் படம் பதிகிற கண்ணாடியில் விழாது, புகையாய்ப் போய்விடும். அன்றைக்குப் பார்த்து ஒரு பன்றி கத்தியது. கெசியா திரும்பினாள். டர்க் எழுந்தே ஓடியது.

எண்டீன் கண்ணாடியைக் கழுவிக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, நான் ஒரு பிள்ளையத்தான உக்கார வச்சேன்? இதுல மூணு தல இருக்கு. ஒண்ணுலயும் கண்ணக் காணோம்."

வரிசையில் நின்ற சனமெல்லாம் சிரித்தது. ஜாகோவும் சிரித்தான். "நாய்க்கு ஒம்போது காலு விழுந்திருக்கய்யா. கப்பல் எதுக்கு, இவன் மேல ஏறி நீந்தியே போயிடுவேன்" என்றான். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவன் அந்தக் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே வந்தான். துடைத்தால் உள்ளேயிருந்து முகம் வந்துவிடும் என்பதுபோல.

வீட்டில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. மூத்தவன் பாஸ்கோவின் படம். முந்தின பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து ஏழு வயதில் போய்விட்ட பிள்ளை. உயிரோடு இருந்தபோது அவனைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. போன மறுநாள் எண்டீனை வரவழைத்தார்கள். அந்தப் பக்கத்தில் அது எல்லாரும் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு, நாற்காலியில் இடுப்போடு சேர்த்து ஒரு துணியால் கட்டி, கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவட்டை ஒன்றை முட்டுக் கொடுத்து, இமைகளை விரலால் மேலே நகர்த்தி உட்கார வைத்தார்கள். டர்க் அவனுடைய நாய். எவ்வளவு விரட்டியும் போகவில்லை. வந்து அவன் முழங்காலில் தாடையை வைத்தது. பிறந்ததிலிருந்து ஓர் இடத்தில் நில்லாத நாய், எண்டீன் எண்ணி முடிக்கிறவரை ஒரு மயிர் அசையாமல் இருந்தது. அதனால்தான் அந்தப் படம் அவ்வளவு தெளிவு. பிள்ளையின் இமை முடி ஒவ்வொன்றும் தெரியும். நாயின் மூக்கு ஈரம் தெரியும். விஷயம் தெரியாமல் பார்க்கிறவர்கள், "என்ன சமத்தா உக்காந்திருக்கான்!" என்பார்கள்.

ஜாகோ அந்தப் பக்கம் திரும்ப மாட்டான். "அது அவன் இல்ல. அவன் ஒரு நிமிசம் சும்மா இருந்திருக்கானா?" என்று ஒரே ஒரு தரம் சொன்னான். அந்தப் படத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகிறாயா என்று தாமசினும் கேட்கவில்லை.

திருவிழா வாரத்தில் எண்டீனின் வண்டி பென்வாருக்கே வருவதாக இருந்தது. அதற்குள் பிள்ளையைப் பழக்கிவிடலாம் என்று தாமசின் நினைத்தாள். எப்படிப் பழக்குவது? அதட்டிப் பார்த்தாள், குங்குமப்பூ ரொட்டி தருகிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தாள். கடைசியில் மாடத்தின் மேலிருந்த படத்தைக் காட்டினாள்.

"அண்ணன் எப்டி உக்காந்திருக்கான் பாரு. அவன மாதிரி உக்காரு."

அதில் ஏதும் தப்பு இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அண்ணன் போனபோது கெசியா பால் மறக்காத குழந்தை. அவளுக்கு அண்ணன் என்றால் அந்தப் படம்தான்.

தாமசின் பகலில் சுரங்கத்து முற்றத்தில் தாதுக்கல் உடைக்கப் போவாள். இரவு முறை முடித்து வந்த ஜாகோ மச்சில் கட்டைபோலத் தூங்குவான். கீழே பிள்ளையும் நாயும் மட்டும். பிள்ளை தானாகவே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பழகுகிறாள் என்று தெரிந்தபோது தாமசின் சிரித்தாள்.

கல் உடைக்கும் பெண்களில் மெல்லனி என்று ஒருத்தி, வாய் நீளம். "உன் வீட்டுக்காரன் அந்தப் படத்த வச்சுக்கிட்டு அழுவான்னு நெனைக்கிறியா? அங்க எவகிட்டயாவது காட்டி, 'தாயில்லாப் பிள்ள'ன்னு சொல்லி, ரெண்டாங் கல்யாணம் கட்டுவான் பாரு."

"கட்டட்டும். அவ வந்து இவன் குறட்டையக் கேக்கட்டும்" என்றாள் தாமசின்.

மெல்லனி சிரித்து முடித்துவிட்டு, சுத்தியலைக் கீழே வைக்காமல், குரலை மட்டும் இறக்கினாள். "நேத்து உன் வீட்டு சன்னல்ல எட்டிப் பாத்தேன்டி. பாப்பாவக் கூப்புட்டேன். திரும்பல. சன்னலத் தட்டுனேன். நாயாவது கொலைக்கணுமில்ல? அதும் திரும்பல. துணியில செஞ்ச பொம்மய உக்கார வச்சிருக்கியோன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன்."

தாமசின் கல்லை உடைத்தாள். அடுத்த கல்லையும் உடைத்தாள்.

வீட்டுக்குப் போகும்போது கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து, வழியோர முட்புதர்களையும் கல்சுவர்களையும் தின்றுவிட்டு, தன் கையையே தான் பார்க்க முடியாத அளவுக்கு ஊரை மூடியிருந்தது. மேலே மலையில் கல்லிடிக்கும் எந்திரம், இராப்பகல் ஓயாமல் நெஞ்சுக்குள் இடிப்பதுபோல் இடித்துக்கொண்டிருக்கும் அது, பனிக்குள் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாமல் நாலாப்புறமும் இடித்தது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. அடுப்பில் கரிமண் கட்டி வெந்து அவிந்த வாடை, ஈர நாயின் வாடை, அதற்கும் அடியில் வேறொரு வாடை. கூர்மையாக, மூக்கின் மேல்பக்கம் ஏறி இனிக்கிற ஒன்று. எங்கே மோந்தது என்று உடனே நினைவுக்கு வரவில்லை. மச்சில் ஜாகோவின் குறட்டை கேட்டது. கூரைச் சொட்டு கேட்டது. தரையில் நாயின் நகம் கீறும் சத்தம், அவள் வாசலை மிதித்ததுமே எப்போதும் கேட்கிற அந்தச் சத்தம் கேட்கவில்லை.

கண் பழகியது. முக்காலி. முக்காலியின் மேல் பிள்ளை. முழங்காலில் நாயின் தலை.

மாடத்தின் மேல் கண்ணாடிப் படம் கடைசி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மங்கலாய் மினுங்கியது. அதில் கெசியாவின் முகம் பிரதிபலித்தது. அண்ணன் முகத்தின் மேல் தங்கை முகம். மூக்கின் மேல் மூக்கு. கண்ணின் மேல் கண்.

"கெசியா."

இல்லை.

"போதும். எந்திரி."

இல்லை.

தாமசின் தரையில் முட்டிபோட்டுப் பிள்ளையின் முகத்தைப் பிடித்தாள். குளிர்ந்த மாவைத் தொட்டதுபோல் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் மாடத்தைப் பார்த்தன. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை முன்னும் பின்னும் ஆடி மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. "எந்திரி! எந்திரின்னு சொல்றேன்ல! கண்ணு, எந்திரி!"

மூச்சு வந்தது. நீளமாக, கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. பிறகு இமை அடித்தது. பிள்ளை அவளைப் பார்த்தாள். தூங்கி எழுந்தவள்போலச் சாதாரணமாகக் கண்ணைக் கசக்கினாள்.

"கால் மரத்துப் போச்சும்மா."

"இனிமே உக்காரக் கூடாது. போதும். நீ நல்லாக் கத்துக்கிட்ட."

"அண்ணனுக்கும் கால் மரத்துப் போச்சாம்."

மரத்த காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த தாமசினின் கைகள் பிள்ளையின் கணுக்காலில் நின்றன.

"அண்ணன் கேக்கச் சொன்னான்" என்றாள் கெசியா. "அவன் எப்ப எந்திரிக்கலாமாம்? நீதான் அசையாதேன்னு சொன்னியாம். அம்மா சொல்றவரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னியாம். அப்புறம் நீ சொல்லவே இல்லியாம்."

நாய் தலையைத் தூக்கித் தாமசினைப் பார்த்தது.

அதை யாரும் அறிய மாட்டார்கள். பாஸ்கோவைப் படம் எடுத்த அன்றைக்கு ஜாகோ வெளியே, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். எண்டீன் கறுப்புக் கூடாரத்துக்குள் கண்ணாடிக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார். அந்த மருந்தின் வாடைதான், மூக்கில் ஏறி இனிக்கிற அந்த வாடை. அறையில் அவளும் மகனும் நாயும் மட்டும். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தபோது, மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்வதுபோல, தானும் ஒரு முறை சொல்லிப் பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. காதோடு வாய் வைத்துச் சொன்னாள். அசையாதே கண்ணு. அம்மா சொல்றவரைக்கும் அப்படியே இரு. எந்திரிக்கக் கூடாது, என்ன? அப்படிச் சொன்னதில் ஒரு சுகம் இருந்தது. சொன்ன சொல்லை அவன் கேட்டான் என்பதில் ஒரு சுகம். எண்ணி முடித்தார்கள். கட்டை அவிழ்த்தார்கள். தூக்கிப் படுக்க வைத்தார்கள். சவப்பெட்டியை மூடினார்கள்.

எந்திரி என்று அவள் சொல்லவில்லை.

பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அவள் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரே ஒரு சொல். பகலெல்லாம் பிள்ளைக்குச் சொல்லுகிற சொல். வாயைத் திறந்தாள். எந்திரித்து அவன் எங்கே போவான் என்று நினைத்தாள். இவ்வளவு நாளும் அவன் இங்கே, இந்த வீட்டில், தன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்கிறான். போ என்று தானே சொல்லுவதா? வாயை மூடிக்கொண்டாள். படத்தைக் கம்பளித் துணியில் சுற்றி, துணிப்பெட்டியின் அடியில் வைத்து, மேலே கனமான போர்வைகளை அடுக்கினாள். அது போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

போதவில்லை. மறுநாள் பிள்ளை வெறும் மாடத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். நாய் வந்து தாடையை வைத்தது. முக்காலியைத் தாமசின் விறகுக்காக உடைத்துப் போட்டாள். பிள்ளை தரையில் உட்கார்ந்தாள். கிச்சுகிச்சு மூட்டினால் சிரித்தாள், ஆனால் சிரிப்பு தாமதமாக வந்தது. எங்கோ தூரத்திலிருந்து நடந்து வரவேண்டியிருந்ததுபோல. சோறு தண்ணி குறைந்தது. ஒவ்வொரு முறையும் எழுப்புவதற்கு முந்தின முறையைவிடக் கூடுதலாகக் கூப்பிடவேண்டியிருந்தது.

எண்டீன் வண்டி வந்த அன்று அவள் ஜாகோவிடம் சொல்லிவிட்டாள். "படம் வேண்டாம்யா."

கீழே உட்கார்ந்து பூட்சுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். அவளுக்கு ஒடம்பு சரியில்ல. கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கு."

"நேத்துக் கடற்கரையில நாய் கூட ஓடுனாளே. நானே பாத்தேன்."

வெளியே அவனோடு இருக்கும்போது பிள்ளை ஓடத்தான் செய்தாள். அது உண்மை. தாமசினுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "அவ அண்ணன்கிட்டப் பேசுறா" என்றாள்.

ஜாகோவின் கை நின்றது.

"தாமசின், நான் அந்தப் பக்கம் பூமிக்கடியில இருப்பேன். இங்கயாவது மேல வந்தா நீங்க இருப்பீங்க. அங்க மேல வந்தாலும் ஒண்ணும் இருக்காது. எனக்கு ஒரு மொகம் வேணும் புள்ள. மூக்கும் கண்ணும் தெரியிற மாதிரி ஒரு மொகம். அவன் மொகம் எனக்கு இப்பவே மறந்துபோச்சு. அந்தப் படத்துல இருக்கிறதுதான் ஞாபகம் வருது. அவன் சிரிச்சது வரமாட்டேங்குது." அவன் குரல் உடைந்தது. "இவளையும் நான் மறக்கணுமா?"

அவன் அழுது அவள் பார்த்ததில்லை, அடக்கத்தன்றைக்குக்கூட. அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் துணிக்குள்ள இருப்பேன்" என்றாள். "பிடிச்சுக்கிட்டு. கைய எடுக்க மாட்டேன்."

சின்னப் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள், அவள்மேல் தலையோடு காலாகக் கறுப்புத் துணியைப் போர்த்திவிடுவார்கள், பிள்ளையை மடியில் வைத்துத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். படத்தில் பிள்ளை மட்டும் தெரியும். பின்னால் இருப்பது ஏதோ மூடிவைத்த சாமான் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி மலையடிப் புல்வெளியில் நின்றது. உள்ளே அந்த இனிப்பு வாடை. கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்கியது. திருவிழா இசை எங்கோ ஊதிக்கொண்டிருந்தது. கல்லிடிக்கும் எந்திரம் வண்டித் தரைவழியாகக் காலுக்கு ஏறியது.

"இந்தத் தடவ எத்தன தல?" என்றார் எண்டீன். பிறகு பிள்ளை உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கிட்டே வந்து குனிந்தார். நாய் தானே ஏறி வந்து தாடையை வைத்தது. "அட ராசாத்தி. சிலை செய்றவன்கூட இப்டி வைக்க முடியாது. அம்மா, துணி போடுறேன். தலையக் குனிஞ்சுக்கங்க."

கறுப்பு விழுந்தது. வெளிச்சம் நெசவு இடுக்குகளில் ஊசிமுனைகளாய்த் தெரிந்தது. அவள் மூச்சே திரும்பி அவள் முகத்தில் அடித்தது. இரண்டு கைகளையும் துணிக்கு உள்ளிருந்தே பிள்ளையின் விலாவில் வைத்துக்கொண்டாள். விலா ஏறியது. இறங்கியது. ஏறியது. அதை விட்டுவிடாதே. கர்த்தரே, அதை மட்டும் விட்டுவிடாதே.

மூடி எடுக்கிற சத்தம். எண்டீன் எண்ணத் தொடங்கினார்.

விலா நின்றது.

அவள் காத்திருந்தாள். படத்துக்காக மூச்சைப் பிடித்திருக்கிறாள். பிள்ளைகள் பிடிப்பார்கள். எண்டீன் நிதானமாக எண்ணினார். உள்ளங்கைக்கடியில் ஒரு துடிப்பு இருந்தது, அதுதான் நெஞ்சு என்று அதைப் பற்றிக்கொண்டாள், பிறகு அது எந்திரம் இடிப்பது என்று தெரிந்தது. தரையிலிருந்து வருகிறது. நாற்காலியிலிருந்து வருகிறது. பிள்ளையிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கத்தவேண்டும். கத்தினால் படம் போகும். போகட்டும். நாக்கு எழவில்லை.

"முடிஞ்சது!" மூடி விழுந்தது. "எந்திரிச்சு ஓடு ராசாத்தி!"

விலா ஏறியது. கெசியா சிரித்தாள், உடனே, தாமதமில்லாமல், வாய்விட்டுச் சிரித்தாள். மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பலகைப் படிகளில் தொம் தொம்மென்று குதித்துக்கொண்டு, "அப்பா! நான் அசையவே இல்லப்பா!" என்று ஓடினாள். நாயின் நகங்கள் பின்னாலேயே ஓடின. வெளியே ஜாகோ அவளைத் தூக்கிச் சுற்றுவது கேட்டது. எண்டீன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வண்டிக் கடைசியில் இருந்த இருட்டுத் தடுப்புக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார்.

தாமசின் அழுதாள். துணிக்குள்ளேயே, சத்தமில்லாமல், உடம்பெல்லாம் இளக அழுதாள். முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் தன் பயம். துணியை எடுத்துவிட்டு வெளியே வெயிலுக்குப் போகவேண்டும். பிள்ளைக்கு ரொட்டி வாங்கித் தரவேண்டும்.

கையை எடுக்கப் போனாள்.

கைகள் எதையோ பிடித்திருந்தன.

மடி கனத்தது. அவள் வருஷக்கணக்காகக் கல் தூக்கியவள். இது நாலு வயதுக் கனம் இல்லை. கால்கள் நீளம். குதிகால்கள் அவள் கெண்டைக்கால்களுக்குக் கீழே தொங்கின. முதுகு அவள் மார்பில் சாய்ந்திருந்தது, துணிக்கு இந்தப் பக்கமாக. குளிர் சட்டை வழியாக ஊறி ஏறியது. மண் வாடை. அதற்குள் தலைமுடி வாடை. அந்த வாடையை அவள் மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

படிகளில் நகங்கள். டர்க் திரும்பி வந்தது. அவசரமில்லாமல் நடந்து வந்தது. நின்றது. தாடையை வைத்தது. அந்தக் கனம் அவள் முழங்காலில் நேராக விழவில்லை. நடுவே இன்னொரு முழங்கால் இருந்தது.

வெளியே ஜாகோவின் சிரிப்பு கேட்டது. பிறகு அது குறைந்தது.

"ஏ கெசியா... போதும், படம் எடுத்தாச்சு. ஏ குட்டி. வெளையாடாத."

திருவிழா ஊதிக்கொண்டிருந்தது.

"கெசியா? கண்ணு? அப்பாவப் பாரு. இங்க பாரு." பிறகு அவன் குரல் வேறு குரலானது. "தாமசின்! தாமசின், இங்க வா! இவ அசைய மாட்டேங்குறா!"

ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மகன் போவான், மகளுக்கு மூச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். மடியில் இருந்தது தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை அவள் வாய்ப் பக்கம் கொண்டுவந்தது. காத்திருந்தது. சமத்தாக. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக.

"தாமசின்! மூச்சு வரல! தாமசின்!"

வாயைத் திறந்தாள். அந்தக் காதுமடலின் விளிம்பு அவள் உதட்டில் பட்டது. அதே சின்னக் காது. கைகள் தாமாகவே இறுகின.

"ஒரு நிமிசம் கண்ணு" என்றாள். "ஒரே ஒரு நிமிசம்."